எலுமிச்சைப் புல்: முதலில் நம் வீட்டு அடுப்பில், பிறகு நம் கடைப் பலகையில்

மளிகை வியாபாரிகளுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. கடையில் விற்கும் அரிசியைத்தான் வீட்டிலும் பொங்குவோம். துவரம் பருப்பு வேகுமா என்று வாடிக்கையாளர் கேட்டால், “எங்கள் வீட்டில் நேற்று இதைத்தான் போட்டோம், நன்றாகக் குழைந்தது” என்று பதில் சொல்வோம். அந்த ஒரு வார்த்தைக்கு உள்ள மதிப்பு எந்த விளம்பரத்துக்கும் கிடையாது. ஆனால் புதிய சரக்கு வரும்போது மட்டும் இந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறோம். ஊரெல்லாம் விற்கிறது என்று கேள்விப்பட்டதும் வாங்கி அடுக்கிவிடுகிறோம். எலுமிச்சைப் புல் விஷயத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையில் நடந்ததைச் சொல்வது மற்ற வியாபாரிகளுக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம். மூலிகைச் சரக்கு கொண்டுவரும் ஒருவர், உலர்ந்த எலுமிச்சைப் புல் என்று 10 கிலோ மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். “நிழலில் காய்ந்த சரக்கு; டவுனில் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்” என்றார். விலையும் தோதாக இருந்தது. ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தோம், வாசனை இருந்தது. அன்று மாலையே 50 கிராம் பொட்டலங்களாகப் போட்டு, வாயை ஒட்டி, தேயிலைக்குப் பக்கத்துப் பலகையில் அடுக்கிவிட்டோம்.

அது ஐப்பசி மாதம், அடைமழைக் காலம். மூன்றாவது வாரத்தில் ஒரு பொட்டலம் திரும்பி வந்தது. பல வருடங்களாக எங்களிடம் மாதச் சாமான் வாங்கும் ஓர் அம்மா கொண்டுவந்தார். “அண்ணாச்சி, இதைக் கொதிக்க வச்சா வைக்கோல் வாடைதான் வருது. அடியில பாருங்க, வெள்ளையா பூத்திருக்கு” என்றார். மறு பேச்சுப் பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். போகிற போக்கில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: “நீங்க இதைப் போட்டுக் குடிச்சுப் பாத்தீங்களா?”

நாங்கள் குடித்துப் பார்க்கவில்லை. பதில் சொல்ல வாய் வரவில்லை. மீதியிருந்த பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது. அத்தனையையும் குப்பையில் கொட்டினோம். முதல் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். பல வருட வாடிக்கை ஒரே ஒரு 50 கிராம் பொட்டலத்தில் போக இருந்தது. அதன் பிறகுதான் இந்தப் புல் எது, எப்படிப் போட்டுக் குடிப்பது, எப்படி வாங்குவது, எப்படி வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். கற்றதை இங்கே தருகிறோம்.

எந்தப் புல்?

எலுமிச்சைப் புல்லும் எலுமிச்சை மரமும் உறவு இல்லை. இது கரும்பு, சோளம் ஆகியவற்றைப் போன்ற புல் இனம். இலையைக் கசக்கினால் எலுமிச்சைத் தோல் வாசனை வருவதால் இந்தப் பெயர். வாசனைப் புல் என்றும் சொல்வார்கள். மலையாளத்தில் இஞ்சிப்புல். மலேசியாவில் செராய். வாசனைக்குக் காரணம் சிட்ரால் என்ற பொருள். இந்தப் புல்லின் எண்ணெயில் பெரும் பங்கு, ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதம், சிட்ரால்தான்.

இதில் நாம் அறிய வேண்டியவை இரண்டு வகை. சமையலுக்கும் பானத்துக்கும் உலகெங்கும் பயன்படுவது சிம்போபோகன் சிட்ராடஸ் என்னும் வகை. அடித்தண்டு வெளிர் பச்சையாக, வெங்காயத்தாள் போலத் திரண்டு இருக்கும். மலையாளக் கரையில் எண்ணெய் காய்ச்சுவதற்கென்று வளர்ந்தது சிம்போபோகன் ஃப்ளெக்ஸுவோசஸ் என்னும் வகை. கொச்சித் துறைமுகம் வழியாக வெளிநாடு போனதால் அந்த எண்ணெய்க்கு ‘கொச்சி எண்ணெய்’ என்றே வியாபாரப் பெயர் ஏற்பட்டது. இதற்கென்று கேரளத்தில் ஓடக்காலி என்ற ஊரில் 1951-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ‘சுகந்தி’ என்ற ரகம் அங்கிருந்து வந்ததுதான்.

இந்த இரண்டையும் போலவே தோற்றமளிக்கும் மூன்றாவது ஒன்று உண்டு. அது சிட்ரோனெல்லா புல். கொசு விரட்டிக்கும் சோப்புக்கும் போகும் எண்ணெய் இதிலிருந்து எடுப்பது. இது குடிப்பதற்கு உரியதல்ல. காய்ந்து நறுக்கிய பிறகு பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பச்சையாக இருக்கும்போது சிட்ரோனெல்லாவின் அடித்தண்டு சிவந்திருக்கும் என்பார்கள். ஆனால் எண்ணெய்க்கு வளர்க்கும் எலுமிச்சைப் புல்லிலும் தண்டு சிவந்த ரகம் உண்டு. ஆகையால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கசக்கி மோந்து பார்க்க வேண்டும். எலுமிச்சைத் தோல் வாசனை தெளிவாக வந்தால் நம் சரக்கு. கொசுவத்தி, சோப்பு ஞாபகம் வந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். என்ன ரகம், எந்தத் தோட்டம் என்று சொல்லத் தெரிந்த விவசாயியிடம் நேரில் வாங்குவது எல்லாவற்றிலும் நல்லது.

பச்சைப் புல்லில் போடும் முறை

இரண்டு கோப்பைக்கு முழங்கை நீள இலைகள் மூன்று அல்லது நான்கு போதும். இலையின் ஓரம் வாள் போல இருக்கும். கையால் உருவினால் விரலைக் கிழித்துவிடும். கழுவி, கத்தரிக்கோலால் ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். அடித்தண்டு இருந்தால் அம்மியிலோ இடிகல்லிலோ ஒரு தட்டு தட்டிப் போடலாம். இலையைவிடத் தண்டில் வாசனை அழுத்தமாக இருக்கும்.

இரண்டரைக் கோப்பைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, புல்லைப் போட்டு, தீயைக் குறைத்து, உடனே மூடிவிட வேண்டும். மூடுவதுதான் இதில் சூட்சுமம். சிட்ரால் ஆவியோடு பறந்துவிடும் பொருள். திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் வீடு முழுக்க மணக்கும். கோப்பையில் வெந்நீர்தான் இருக்கும். ஐந்து நிமிடம் சிறு தீ, பிறகு அடுப்பை அணைத்து மூடியபடியே இன்னும் ஐந்து நிமிடம். அவ்வளவுதான். கால் மணி, அரை மணி என்று கஷாயம் போல வற்றவிட்டால் வாசனை போய்க் கசப்பு தட்டும்.

வடிகட்டும்போது மெல்லிய துணியோ நெருக்கமான கண் உள்ள வடிகட்டியோ வேண்டும். நார் துணுக்குகள் தொண்டையில் உறுத்தும். இனிப்புக்குப் பனங்கருப்பட்டி மிகவும் பொருந்தும். நாட்டுச் சர்க்கரையும் சேரும். வெள்ளைச் சர்க்கரை போட்டால் குறையில்லை. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சேர்க்காமல் வெறுமனே குடிக்கிறோம். இதில் தேயிலை சேராததால் காஃபின் கிடையாது; இரவில் குடித்தாலும் தூக்கம் கெடாது. கணக்கு முடித்துக் கல்லாவைப் பூட்டிவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் நம் போன்றவர்களுக்கு இது ஒரு சௌகரியம்.

உலர்ந்த புல்லானால்

ஒரு கோப்பைக்கு ஏறத்தாழ 2 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு போதும். முறை அதேதான். ஆனால் அடுப்பில் வைக்கத் தேவையில்லை. கொதித்த தண்ணீரை அதன்மேல் ஊற்றி, மூடி, ஏழெட்டு நிமிடம் வைத்திருந்தால் சாறு இறங்கிவிடும். பச்சைப் புல்லின் சுறுசுறுப்பான வாசனை இதில் சற்றுக் குறையும். ஒரு துண்டு இஞ்சியோ இரண்டு ஏலக்காயோ தட்டிப் போட்டால் ஈடாகிவிடும்.

பால் சேர்த்தால் திரியுமா?

வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. திரியாது. இந்தப் புல்லில் எலுமிச்சையின் வாசனை உண்டு, புளிப்பு கிடையாது. பாலைத் திரிய வைப்பது எலுமிச்சைச் சாற்றில் உள்ள அமிலம். அது இதில் இல்லை.

பால் சேர்த்துக் குடிப்பதில் கைதேர்ந்தவர்கள் மராட்டியரும் குஜராத்தியரும். மராட்டியில் இதற்குப் பெயரே ‘கவதி சஹா’, அதாவது புல் தேநீர். குஜராத்தியில் ‘லீலி சா’, பச்சைத் தேநீர். மும்பை, அகமதாபாத் காய்கறிச் சந்தைகளில் புதினாவோடும் இஞ்சியோடும் இந்தப் புல்லையும் கட்டிக் கொடுப்பார்கள். மழைக்காலம் வந்துவிட்டால் அது இல்லாமல் அவர்கள் வீட்டில் தேநீர் இறங்காது.

அவர்கள் முறை இது: ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு இலை வெட்டிப் போட்டு, சிறு துண்டு இஞ்சியைத் தட்டிச் சேர்த்து, மூடி, நான்கு நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். பிறகு தேயிலைத் தூள் இரண்டு தேக்கரண்டி, சர்க்கரை. கடைசியில் ஒரு கோப்பைப் பால் ஊற்றி ஒரு கொதி விட்டு வடிகட்டினால் இரண்டு கோப்பை. இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும் என்பது முக்கியம். பச்சை இஞ்சி நேராகப் பாலில் விழுந்தால் பால் திரியலாம். அந்தப் பழியைப் புல்மேல் போட்டுக்கொண்டு நம் கடைக்கு வந்து நிற்பார்கள்!

கோடையில் வேறு விதம். பச்சைப் புல்லைச் சற்று அதிகமாகப் போட்டுச் சாறு இறக்கி, ஆற வைத்து, பானையில் ஊற்றிக் குளிரவிட்டு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு கலந்தால் நல்ல பானகம். இதில் பால் இல்லாததால் எலுமிச்சை சேர்ப்பதில் தொல்லை இல்லை.

வீட்டுக் கொல்லையில் ஒரு தூர்

இந்தப் புல்லைத் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி, ஒரு தூரை நட்டுவிடுவது. விதை தேட வேண்டாம். வேரோடு பிரித்த ஒரு தூர் போதும். வெயில் படும் இடம், தண்ணீர் தேங்காத மண். மாடியில் அகலமான தொட்டியும் ஆகும். மூன்று மாதம் கழித்து வெட்ட ஆரம்பிக்கலாம். தரையிலிருந்து நான்கு அங்குலம் விட்டு வெட்டினால் மறுபடி தழைத்து வரும். ஒரு முறை நட்டால் சில வருடங்களுக்குக் கவலையில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு தூர் நிற்கிறது. கடைக்கு வரும் சரக்கை அதோடு ஒப்பிட்டு மோந்து பார்க்கிறோம். நம்மிடம் அசல் ஒன்று இருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

நல்ல உலர் புல் நிழலில், காற்றோட்டத்தில் காய்ந்ததாக இருக்கும். நேர் வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும். ஆனால் நிறம் வெளுத்து, வாசனையும் பாதி போய்விடும். அப்படிப்பட்ட சரக்குதான் வைக்கோல் வாடை அடிப்பது. பச்சை மாறாமல், கசக்கியதும் வாசனை எழும் சரக்கே வாங்கத் தகுந்தது.

அடுத்தது ஈரம். எங்களை ஏமாற்றியது இதுதான். ஒரு துண்டை எடுத்து மடக்கிப் பாருங்கள். ‘சடக்’கென்று ஒடிந்தால் காய்ந்தது. வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. பொட்டலம் கட்டினால் பூஞ்சணம் நிச்சயம். மூட்டையின் மேலே மட்டும் பார்க்காமல் நடுவில் கைவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். மிளகாய் வற்றல் வாங்கும்போது செய்வதைத்தான் இதற்கும் செய்யச் சொல்கிறோம்.

பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். நான்கைந்து கிலோ பச்சைப் புல் காய்ந்தால்தான் ஒரு கிலோ உலர் புல் கிடைக்கும். இந்தக் கணக்கு மனத்தில் இருக்கட்டும். பச்சைப் புல் விலைக்குக் கிட்டத்தட்ட யாராவது உலர் புல் தருகிறேன் என்றால், அதில் ஈரமோ கலப்போ இருக்கிறது என்று அர்த்தம்.

வாங்கிய சரக்கைக் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். பெருங்காயம், மசாலா, ஊதுவத்தி, சோப்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. மழைக்காலத்தில் மொத்தமாகப் பொட்டலம் போடாமல் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் போடுவது உத்தமம். பச்சைக் கட்டு விற்பவர்கள் ஈரத் துணியில் சுற்றி வைத்து, இரண்டு மூன்று நாளில் விற்றுவிடும் அளவுக்கு மட்டும் வாங்க வேண்டும்.

எண்ணெயைக் குடிக்கக் கொடுக்காதீர்கள்

நீலகிரிக்குச் சுற்றுலா போய் வருபவர்கள் யூகலிப்டஸ் தைலத்தோடு எலுமிச்சைப் புல் எண்ணெயும் வாங்கி வருகிறார்கள். நம் கடைகள் சிலவற்றிலும் அது இருக்கிறது. “இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டால் டீ ஆகிவிடுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். அது பல கிலோ புல்லின் சாரம். தரை துடைக்கவும் வாசனைக்கும் விற்பது. குடிப்பதற்கென்று தயாரித்ததல்ல. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். கடையிலும் அதன் இடம் சோப்புப் பலகை. உணவுப் பலகை அல்ல.

பொட்டலத்தின்மேல் என்ன எழுதுவது?

வீட்டில் நாம் எதையும் ‘டீ’ என்று சொல்லிக்கொள்ளலாம். பொட்டலத்தின்மேல் அச்சிடுவது வேறு. சட்டப்படி தேயிலை என்றால் தேயிலைச் செடியிலிருந்து வருவது மட்டுமே. அந்தச் செடியைச் சேராத மூலிகை, பூ முதலியவற்றின் பொட்டலத்தில் ‘டீ’ என்று போடுவது தவறான பெயரிடல் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. ஆகவே ‘உலர்ந்த எலுமிச்சைப் புல்’ என்று எழுதுவதே பாதுகாப்பு. நாமே பொட்டலம் போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ வேண்டும். எடை, விலை, பொட்டலமிட்ட மாதம், நம் முகவரி ஆகியவையும் இருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான பெயரிட்ட உணவுக்கு 3 லட்சம் ரூபாய் வரை, ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. சிறு கடை தாங்கும் தொகையா இது?

அதைவிட முக்கியமானது, வாய்ச் சொல். சர்க்கரை நோய் போகும், புற்றுநோய் அண்டாது, உடம்பு இளைக்கும் என்றெல்லாம் அச்சடித்த பொட்டலங்கள் சந்தையில் சுற்றுகின்றன. இப்படிப்பட்ட நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? அவர் நம் வாடிக்கையாளர். நம் தெருவில் இருப்பவர். சாப்பாட்டுக்குப் பின் வயிறு இலேசாக இருக்கிறது என்று வழக்கமாகக் குடிப்பவர்கள் சொல்வார்கள். அதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களும் கேட்டால், “டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்” என்பதே சரியான பதில். நல்ல வாசனை, நல்ல ருசி, தூக்கம் கெடாது. ஒரு பானத்தை விற்க இந்த மூன்றும் போதாதா?

வியாபாரக் கணக்கு

இந்தப் புல் வந்தால் தேயிலை விற்பனை குறையுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். எங்கள் அனுபவத்தில் குறையவில்லை. பால் தேநீரில் போடுபவர் தேயிலைத் தூளையும் சேர்த்தே வாங்குகிறார். வெறும் புல்லில் போடுபவர் கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் கேட்கிறார். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று கூடப் போகிறது. 50 கிராம் பொட்டலத்தில் ஏறக்குறைய 25 கோப்பை போடலாம். விலையை 25-ஆல் வகுத்து, ஒரு கோப்பைக்கு இவ்வளவுதான் என்று சொன்னால் தயங்குபவரும் எடுத்துக்கொள்வார். அந்தக் கணக்கை நாமே சொல்ல வேண்டும், பொட்டலம் சொல்லாது.

கடைசியாக ஒரு செய்தி. அந்த அம்மா இப்போதும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார். நல்ல சரக்கு கிடைத்து மறுபடி விற்க ஆரம்பித்தபோது, முதல் பொட்டலத்தை அவருக்குத்தான் கொடுத்தோம். கையில் வாங்கி, “குடிச்சுப் பாத்துட்டீங்களா அண்ணாச்சி?” என்றார் சிரித்துக்கொண்டே. “ரெண்டு மாசமா ராத்திரி இதுதாம்மா. கொதிச்சதும் மறக்காம மூடி வைங்க” என்றோம். அடுத்த வாரம் வந்து இரண்டு பொட்டலம் கேட்டார். ஒன்று அவர் மகள் வீட்டுக்கு.

எந்தப் புதிய சரக்கானாலும் வழி இதுதான். வீட்டு அடுப்பில் ஏறி இறங்கட்டும். அதன் பிறகு பலகைக்குப் போகட்டும்.